குளிசைக்குப் பிறகு: தண்ணீரில் தங்கும் மருந்தும் அதை உடைக்கும் இரும்புத் துகளும்

போர் முடிந்து இத்தனை வருடங்களான பிறகும் எமது வீடுகளில் குளிசைப் பெட்டி வெறுமையாவதில்லை. உடலுக்குள் ஷெல் துண்டுகளோடு வாழ்பவருக்கு வலிநிவாரணி. தலையில் காயப்பட்டு வலிப்பு வருபவருக்கு கார்பமசிப்பின். இரவில் உறக்கம் வராதவருக்கு மனநல வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்து. வயது போனவர்களுக்கு நீரிழிவுக்கும் பிரஷருக்கும் கிளினிக் மருந்து. இவை எல்லாம் தேவையான மருந்துகள். இவற்றை நம்பித்தான் பலர் நடமாடுகிறார்கள்.

இந்தக் குளிசைகள் உடலில் தம் வேலையை முடித்த பின் எங்கே போகின்றன என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. அடுத்த கேள்வி, அவை தண்ணீரில் கலந்தால் எப்படி அகற்றுவது என்பது. பல வருடங்கள் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பித்தவன் என்பதால், 'நானோ' என்ற சொல்லோடு வரும் தண்ணீர் வடிகட்டி விளம்பரங்களைக் காட்டி "சேர், இதை வாங்கலாமோ?" என்று தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. மருந்து எச்சங்களை அகற்ற உலகெங்கும் ஆராயப்படும் பொருட்களில் ஒன்று இரும்பு நானோத் துகள். அது எப்படி வேலை செய்கிறது, எங்கள் கிணற்று நீரில் அது எவ்வளவு தூரம் உதவும் என்பதை இங்கே விளக்குகிறேன்.

உடலிலிருந்து கிணற்றுக்கு

விழுங்கும் மருந்து முழுவதும் உடலுக்குள்ளேயே கரைந்து மறைந்துவிடுவதில்லை. அமொக்சிசிலினை எடுத்துக்கொள்வோம். வாயால் எடுத்த அளவில் ஏறத்தாழ 60 வீதம் ஆறு தொடக்கம் எட்டு மணித்தியாலங்களுக்குள் மாற்றமின்றிச் சிறுநீரோடு வெளியேறிவிடுகிறது. நீரிழிவுக்குத் தரும் மெட்போமினை உடல் உடைப்பதே இல்லை. குடல் உறிஞ்சிய மெட்போமின் அப்படியே சிறுநீரகம் வழியாக வெளியே வருகிறது. வேறு சில மருந்துகள் பாதி உடைந்தும் பாதி உடையாமலும் வெளியேறுகின்றன.

இவை போய்ச் சேரும் இடம் மலசலகூடக் குழி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. எமக்கு வற்றாத ஆறு கிடையாது. குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் பெரும்பாலும் நிலத்தடி நீரில்தான். அந்த நீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் துவாரங்களிலும் தேங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் ஒரு நன்னீர்ப் படை. மணல் வடிகட்டுவது போலச் சுண்ணாம்புக் கல் வடிகட்டாது. ஒரு வெடிப்பு அகப்பட்டால் மேலே ஊற்றியது விரைவாகக் கீழே போய்விடும். காணிகள் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்ட இடங்களில் ஒரு வீட்டின் குழியும் அடுத்த வீட்டின் கிணறும் மதிலுக்கு இரண்டு பக்கத்திலும் இருக்கின்றன.

இந்தப் பாதை கற்பனையல்ல. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருப்பது நீண்டகாலமாகத் தெரிந்த விடயம். தோட்டங்களுக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழிகளுமே அதற்குக் காரணம். நைத்திரேற்று வந்த வழியால் நீரில் கரையும் மருந்தும் வரலாம். நிலத்துக்குள் விட்டது அயலவரின் கிணற்றில் மேலே வரும் என்பதைச் சுன்னாகத்தில் எண்ணெய் கலந்த கிணறுகள் எமக்கு ஏற்கெனவே கற்பித்துவிட்டன.

பயப்பட வேண்டுமா?

2022இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு, 104 நாடுகளில் 258 ஆறுகளின் நீரை 1,052 இடங்களில் எடுத்துப் பரிசோதித்தது. மெட்போமின், கார்பமசிப்பின், கோப்பியிலும் தேநீரிலும் உள்ள கஃபீன் ஆகிய மூன்றும் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் அகப்பட்டன. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இடங்களில் ஏதோ ஒரு மருந்தாவது, நீர்வாழ் உயிர்களுக்குப் பாதுகாப்பானது எனக் கருதப்படும் அளவைத் தாண்டியோ, கிருமிகள் மருந்துக்குப் பழக்கப்படக்கூடிய அளவிலோ இருந்தது.

இப்படிப்பட்ட ஆய்வுகள் பேசும் அளவு பெரும்பாலும் நனோகிராம். ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு கிணற்றில் லீற்றருக்கு 100 நனோகிராம் டைக்குளோபெனக் இருக்கிறது என்று வையுங்கள். 50 மில்லிகிராம் குளிசை ஒன்றுக்குச் சமமான மருந்து உடலில் சேர, அந்தக் கிணற்று நீரை ஐந்து இலட்சம் லீற்றர் குடிக்க வேண்டும். நாளுக்கு இரண்டு லீற்றர் குடிப்பவருக்கு அது 680 வருடங்களுக்கு மேல். 2012இல் இதை ஆராய்ந்த உலக சுகாதார நிறுவனமும், குடிநீரில் காணப்படும் அளவுகளால் மனித உடல்நலத்துக்கு நேரடிப் பாதிப்பு வருவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்றே முடிவு சொன்னது. எனவே இன்றைக்கே கிணற்றை மூட வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் இரண்டு விடயங்களில் அலட்சியம் கூடாது. ஒன்று, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள். கிருமியைக் கொல்லப் போதாத சிறு அளவு மருந்து தண்ணீரிலும் மண்ணிலும் தொடர்ந்து இருந்தால், அதைத் தாங்கும் கிருமிகள் பெருக வழி பிறக்கிறது. அப்படிப்பட்ட கிருமி ஆறாத காயத்தில் புகுந்தால் என்ன நடக்கும் என்பதைக் காயங்களோடு வாழும் எம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றது, நீர்வாழ் உயிர்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆய்வுக்கென ஒதுக்கிய ஒரு ஏரியில், கருத்தடைக் குளிசையில் உள்ள செயற்கை ஈஸ்திரசனை லீற்றருக்கு 5 தொடக்கம் 6 நனோகிராம் அளவில் மூன்று வருடங்கள் கலந்தார்கள். அங்கிருந்த ஒரு சிறு மீனினம் ஏறக்குறைய அழிந்தே போனது. மனிதருக்குச் சிறு அளவாகத் தெரிவது மீனுக்குச் சிறு அளவு அல்ல.

துரு செய்யும் வேலை

இரும்பு துருப்பிடிப்பதை எம்மைவிட நன்றாகக் கண்டவர்கள் குறைவு. முள்ளிவாய்க்கால் கரையில் சனங்கள் விட்டுவந்த சைக்கிள்களும் வாகனங்களும் உப்புக் காற்றில் செந்தூளாக உதிர்ந்ததைப் பார்த்திருக்கிறோம். அந்தத் துருப்பிடித்தலின்போது இரும்பு அணு இரண்டு இலத்திரன்களை வெளியே விடுகிறது. அவற்றை அயலில் உள்ள ஏதாவது ஒரு பொருள் வாங்கிக்கொள்ள வேண்டும். வழக்கமாக வாங்குவது ஒட்சிசனும் தண்ணீரும். தண்ணீரில் மருந்து மூலக்கூறு இருந்தால் அதுவும் வாங்கக்கூடும். வாங்கிய மூலக்கூறின் பிணைப்பு உடைகிறது.

இந்த எளிய உண்மையை நிலத்தடி நீரைச் சுத்திகரிக்கப் பயன்படுத்தலாம் என்று 1990களின் தொடக்கத்தில் களத்தில் காட்டியவர்கள் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொபேர்ட் கில்ஹாமும் அவரது குழுவினரும். குளோரீன் கொண்ட தொழிற்சாலைக் கரைப்பான்கள் கலந்த நிலத்தடி நீர் ஓடிவரும் பாதையின் குறுக்கே இரும்புத் துருவல் கலந்த ஒரு சுவரை மண்ணுக்குள் புதைத்தார்கள். நீர் அதனூடாகக் கசிந்து மறுபக்கம் வரும்போது நச்சு குறைந்திருந்தது.

1997இல் அமெரிக்காவின் லீஹாய் பல்கலைக்கழகத்தில் வெய்-சியான் சாங் இதே வேலைக்கு நானோ அளவு இரும்புத் துகள்களைத் தயாரித்துக் காட்டினார். இத்துகள்களின் பருமன் பெரும்பாலும் 100 நானோமீற்றருக்குள். ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீற்றர் என்றால் அளவு விளங்கும். தாக்கம் இரும்பின் மேற்பரப்பில்தான் நடக்கிறது. ஒரு கட்டித் தேங்காயைவிடத் துருவிய தேங்காயில் பால் எளிதாக இறங்குவது போலத்தான் இதுவும். சாதாரண நுண்தூள் இரும்பு ஒரு கிராமில் ஒரு சதுர மீற்றருக்கும் குறைவான மேற்பரப்பே இருக்கும். அதே ஒரு கிராம் நானோத் துகளாக இருந்தால் மேற்பரப்பு 30 சதுர மீற்றர் அளவுக்குப் போகும்.

பெய்ரூட் பரிசோதனை

மருந்துகள் பக்கம் வருவோம். எம்மைப் போலவே போரைக் கண்ட பெய்ரூட்டில், அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அன்ருவான் கௌஷ் என்பவரின் குழு 2009இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. அமொக்சிசிலினையும் அம்பிசிலினையும் லீற்றருக்கு 20 மில்லிகிராம் வீதம் நீரில் கரைத்து இரும்போடு சேர்த்தார்கள். நுண்தூள் இரும்பு, நானோ இரும்பு இரண்டுமே இரு மருந்துகளையும் நீரிலிருந்து முற்றாக அகற்றின.

மூன்று விதமாக இது நடந்ததாக அவர்கள் விளக்கினார்கள். முதலாவது, இலத்திரன் பெற்ற மருந்து மூலக்கூறின் வளையம் உடைவது. பெனிசிலின் குடும்ப மருந்துகளின் உயிர்நிலை நான்கு அணுக்கள் கொண்ட ஒரு சிறிய வளையம். மருந்துக்குப் பழகிய பல கிருமிகள் தம் நொதியத்தால் உடைப்பதும் அதே வளையத்தைத்தான். வளையம் உடைந்தால் மருந்துக்குக் கிருமி கொல்லும் வலு இல்லை. இரண்டாவது, மருந்து மூலக்கூறுகள் துருவின் மேல் ஒட்டிக்கொள்வது. மூன்றாவது, புதிதாக உருவாகிப் படியும் துருவுக்குள் அவை சிக்கிக்கொள்வது.

ஒட்சிசன் உள்ள நீரில் இரும்புத் தூளுடன் சேர்ந்த அமொக்சிசிலின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் எடுத்தது. ஒட்சிசனை நீக்கிய நீரில் அதே வேலை பதினொரு, பன்னிரண்டு நிமிடங்களில் முடிந்தது. ஒட்சிசன் இல்லாதபோது இரும்பின் இலத்திரன்களுக்குப் போட்டி குறைவு என்பது ஒரு காரணம்.

அதே ஆய்வில் எமக்கு முக்கியமான இன்னொரு முடிவு உண்டு. நீரில் கறியுப்பைச் சேர்த்தபோது இரும்பு விரைவாகத் தீர்ந்தது. அதாவது உப்பு கலந்த நீரில் இரும்பு வடிகட்டியின் ஆயுள் குறுகும்.

எங்கள் தண்ணீரில் என்ன நடக்கும்?

ஆய்வுகூடத்து நீரில் மருந்தும் இரும்பும் மட்டுமே இருக்கும். எங்கள் கிணற்று நீர் அப்படியல்ல.

உப்பைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். கரையோரக் கிராமங்களிலும் தீவகத்திலும் கிணறு உவர்ப்பது எல்லோருக்கும் தெரியும். அடுத்தது கடினத்தன்மை. கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு இரும்புத் துகளின் மேலும் படிந்து அதை மூடிவிடும். மேற்பரப்பு மூடப்பட்டால் நானோ என்ற பெயரால் பயன் இல்லை. மூன்றாவது நைத்திரேற்று. மருந்து நனோகிராம் கணக்கில் இருக்கும்போது நைத்திரேற்று பத்து மில்லிகிராம்கள் கணக்கில் இருக்கிறது. இரும்பு தன் இலத்திரன்களில் பெரும்பகுதியை அதற்கே கொடுத்துவிடும். அந்தத் தாக்கத்தில் நைத்திரேற்று பெருமளவு அமோனியாவாக மாறும். ஒரு சிக்கலைத் தீர்க்கப் போய் இன்னொன்றை வாங்கிய கதையாகும்.

இவற்றோடு துகள்களின் சொந்தக் குறைகளும் உண்டு. இரும்புத் துகள்கள் காந்தத் தன்மையால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. அதனால்தான் ஆய்வாளர்கள் அவற்றைக் களிமண், கரி போன்றவற்றின் மேல் பதித்துப் பயன்படுத்த முயல்கிறார்கள். நீரில் தப்பிவரும் இரும்பு லீற்றருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினால் சுவை மாறும், வெள்ளைத் துணியில் கறை பிடிக்கும்.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி உடைவதும் இல்லை. கார்பமசிப்பின் பிடிவாதமானது. சாதாரணக் கழிவுநீர் நிலையங்களைப் பெரும்பாலும் மாறாமலே கடந்து போகும் மருந்து அது. அதை உடைக்க இரும்போடு ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்க்க வேண்டும். 1894இல் ஹென்றி ஃபென்ரன் விவரித்த இத்தாக்கத்தில், எதையும் தாக்கும் ஐதரொட்சில் மூலிகங்கள் பிறக்கின்றன. அப்போதும் மருந்து உடைந்தது என்றால் மறைந்தது என்று அர்த்தமல்ல. உடைந்த துண்டுகள் என்னவாயின என்றும் அளந்து பார்க்க வேண்டும். "99 வீதம் அகற்றியது" என்று ஒரு விளம்பரம் சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

தேயிலைச் சாற்றைக் கொண்டு இரும்பு நானோத் துகள் தயாரிக்கலாம் என்று 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். தேயிலை விளையும் எமது நாட்டுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் இதை யாரும் குசினியில் செய்து பார்க்க வேண்டாம். வழக்கமான தயாரிப்பு முறையில் எரியக்கூடிய ஐதரசன் வாயு வெளிவரும். காய்ந்த நானோ இரும்பு காற்றுப் பட்டவுடன் தானே தீப்பிடிக்கவும் கூடும்.

இரும்பு ஏற்கெனவே வென்ற இடம்

இரும்பு வடிகட்டிகள் ஏமாற்று என்று இதனால் நினைத்துவிடக் கூடாது. வங்காளதேசத்தின் ஆசனிக் கலந்த கிணற்று நீருக்கு அபுல் ஹுசாம் உருவாக்கிய 'சோனோ' வடிகட்டி இரும்பையும் மணலையும் கரியையும் கொண்டது. அதற்கு 2007இல் அமெரிக்காவில் பத்து இலட்சம் டொலர் பரிசு கிடைத்தது. சென்னை ஐ.ஐ.ரி.யில் தலப்பில் பிரதீப்பின் குழு இரும்பின் நானோச் சேர்மத்தைக் கொண்டு ஆசனிக்கை அகற்றும் 'அம்ரித்' என்ற முறையை உருவாக்கியது. அதுவும் ஊர்களில் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆனால் ஆசனிக் துருவில் இறுகப் பிடித்துக்கொள்ளும் ஒரு மூலகம். மருந்துகளோ நூற்றுக்கணக்கான வகை. ஆசனிக்கை அகற்றும் வடிகட்டி கார்பமசிப்பினையும் அகற்றும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. எனவே விற்பவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தப் பொருளை அகற்றுகிறது? எங்கள் ஊர் நீர் போன்ற உப்பும் சுண்ணாம்பும் உள்ள நீரில் சோதித்தார்களா? எத்தனை லீற்றருக்குப் பிறகு மாற்ற வேண்டும்? மாற்றியதை எங்கே போடுவது? எழுத்தில் பதில் இல்லையென்றால் காசைப் பத்திரப்படுத்துங்கள்.

எங்கே பிடிக்க வேண்டும்?

எங்கள் உறவுகள் பெருமளவில் வாழும் சுவிற்சர்லாந்து இதற்கு ஒரு வழி காட்டுகிறது. அங்கு 2016 முதல் நடைமுறையில் உள்ள சட்டத்தின்படி, தெரிவுசெய்யப்பட்ட கழிவுநீர் நிலையங்கள் மருந்து போன்ற நுண்மாசுகளில் 80 வீதத்தை அகற்ற வேண்டும். அதற்கு ஓசோனையும் செயற்படுத்தப்பட்ட கரியையும் பயன்படுத்துகிறார்கள். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த புதிய விதி, இந்தச் சுத்திகரிப்புச் செலவில் குறைந்தது 80 வீதத்தை மருந்து, அழகுசாதனக் கம்பனிகளே ஏற்க வேண்டும் என்கிறது. வீட்டுக்கு வீடு வடிகட்டி பூட்டச் சொல்லாமல், மாசு திரளும் இடத்தில் பிடிக்கிறார்கள்.

எமக்கும் அதுவே பொருந்தும் என்பது என் கருத்து. மருந்து செறிவாகத் திரளும் இடம் வைத்தியசாலைக் கழிவுநீர். நுண்ணுயிர்க்கொல்லிகள் அங்கே அதிகம். அளந்து, கட்டுப்படுத்தி, ஆட்களை வைத்துப் பராமரிக்கக்கூடிய இடமும் அதுதான். இரும்புத் துகளோ, சிரட்டைக் கரியோ முதலில் பரீட்சிக்கப்பட வேண்டியது அங்கே. செயற்படுத்தப்பட்ட சிரட்டைக் கரியை உலகுக்கு ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளில் இலங்கையும் ஒன்று. மூலப்பொருளுக்காக வெளிநாட்டைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டுத்திட்டங்களில் அடி திறந்த குழிக்குப் பதிலாக அடைத்த தொட்டி கட்டப்பட வேண்டும். சுண்ணாம்புக் கல் நிலத்தில் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே இத்தனை அடி என்று அளப்பது மட்டும் போதாது.

இன்றைக்கு வீட்டில் செய்யக்கூடியவை

வைத்தியர் தந்த மருந்தைத் தண்ணீரை நினைத்து நிறுத்தாதீர்கள். வலிப்பு மருந்தை இடையில் விடுவது உயிருக்கே ஆபத்து.

வைத்தியரின் சீட்டு இல்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி வாங்க வேண்டாம். தடிமனுக்கும் வைரசுக் காய்ச்சலுக்கும் அது உதவாது.

காலாவதியான குளிசைகளையும் பாணி மருந்துகளையும் மலசலகூடத்திலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். வைத்தியசாலையோ பார்மசியோ திரும்ப எடுக்குமா என்று கேளுங்கள். எடுக்காவிட்டால் பாவித்த தேயிலைச் சக்கையோடு கலந்து, பொதியில் இறுக்கிக் கட்டிக் குப்பை எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதைத் தொடருங்கள். கிருமி சாகும். ஆனால் மருந்தும் நைத்திரேற்றும் கொதித்தால் போகாது. குழந்தைக்குப் பால்மா கரைக்கும் நீரில் நைத்திரேற்று அதிகம் என்று தெரிந்தால் வேறு நீரைப் பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரில் பெரும்பாலான மருந்து எச்சங்களும் நைத்திரேற்றும் வெகுவாகக் குறைந்திருக்கும்.

மருந்து எச்சத்தை அளக்கப் பெரிய கருவிகள் வேண்டும். வழக்கமான கிணற்று நீர்ப் பரிசோதனையில் அது வராது. ஆனால் நைத்திரேற்றும் மலக் கிருமியும் அளப்பது எளிது. இரண்டும் சேர்ந்து கூடியிருந்தால் மலசலகூட நீர் உங்கள் கிணற்றுக்கு வழி கண்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த வழியால் மருந்தும் வரும். ஆகவே வடிகட்டி வாங்க வைத்திருக்கும் காசில் ஒரு பகுதியை முதலில் கிணற்று நீரைப் பரிசோதிக்கச் செலவிடுங்கள். முடிவு எழுதிய தாளை அயல்வீட்டாருக்கும் காட்டுங்கள். அவர்களும் குடிப்பது அதே நிலத்தின் நீரைத்தான்.